பிள்ளைகள் மீது கல்லெறிவது யார்?

(கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் குடும்பத்தோடு கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கரும்பு வெட்டிய களைப்போடு சிலர் வந்திருக்கிறீர்கள். ஷிப்டு முடித்து, எண்ணெய்க் கறையோடு நேரே வந்தவர்களும் இருக்கிறீர்கள். வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் மாலை பஸ்ஸைப் பிடித்து இறங்கி வந்த மலை மக்களையும் பார்க்கிறோம். நம் கூட்டம் என்றால் கூலியைப் பற்றிப் பேசுவோம், கரும்புப் பாக்கியைப் பற்றிப் பேசுவோம், பட்டாவைப் பற்றிப் பேசுவோம். இன்றைக்குப் பேச வந்த விஷயம் வேறு. நம் பிள்ளைகளின் கையில் இருக்கும் கைபேசியைப் பற்றியும், அதன் வழியாக அவர்கள் மீது விழும் கல்லடியைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம்.

'இது படித்தவர் வீட்டுச் சங்கதி, பட்டணத்துச் சங்கதி, நமக்கெதற்கு?' என்று யாராவது நினைத்தால் நடந்த ஒன்றைக் கேளுங்கள்.

ஒரு தகப்பனார் வந்தார்

சில காலத்துக்கு முன் மலை மேலிருந்து ஒரு தகப்பனார் எங்களைத் தேடி வந்தார். குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்த மனிதர். பாதிக் கூலியை விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். வந்தவர் பேசவில்லை. தண்ணீர் கொடுத்தோம், குடிக்கவில்லை. கைபேசியை எடுத்து நீட்டினார். பிறகு, "அண்ணே, நீங்க பாக்க வேணாம்" என்று சொல்லி மீண்டும் மடியில் வைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். அவருடைய மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பள்ளி விழாவில் யாரோ எடுத்த அவள் படத்தை ஒருவன் எடுத்து, முகத்தை மட்டும் வெட்டி, வேறொரு உடம்பின் மேல் ஒட்டி வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டான். ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போய், பிள்ளையின் பெயரோடும் ஊரின் பெயரோடும் அந்தப் படம் குடகுத் தோட்டத்து லயனில் படுத்திருந்த தகப்பனார் கைக்கே வந்து சேர்ந்துவிட்டது. மலையில் சில இடத்தில் பாறை மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். ஆனால் அவதூறுக்கு மட்டும் எப்படியோ சிக்னல் கிடைத்துவிடுகிறது!

நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? இங்கே எங்கள் தவறை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். "படத்தை அழித்துவிடுங்கள், சிம்மைக் கழற்றி எறியுங்கள், பிள்ளை கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும், பேச்சு தானாக அடங்கிவிடும்" என்றோம். நல்லது செய்வதாகவே நினைத்தோம். அவரும் அப்படியே செய்தார். படம் அழிந்ததா? இல்லை. அவர் கையில் இருந்த சாட்சியம்தான் அழிந்தது. பேச்சு அடங்கியதா? அதுவும் இல்லை. பிள்ளையின் படிப்புதான் நின்றது. மூன்றாவது வாரத்தில் சொந்தக்காரர்கள் கூடி, மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

எங்கள் தவறைச் சுட்டிக் காட்டியவர் படித்தவர் அல்ல. நாற்று நடும் ஒரு விவசாயத் தொழிலாளிப் பெண். எங்கள் முகத்துக்கு நேரே கேட்டார்: "தப்பு செஞ்சவன் பள்ளிக்கூடம் போறான். செய்யாதவ வீட்டுல அடைஞ்சு கெடக்கா. இதுதான் உங்க நியாயமா?"

தோழர்களே, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்று இந்த மேடையில் நிற்கிறோம்.

சேலத்தில் நடந்தது

நம் மலைக்கு மேற்கே இருப்பது சேலம் மாவட்டம். 2016 ஜூன் மாதம் அங்கே 21 வயதுப் பட்டதாரிப் பெண் ஒருவரின் முகத்தை இதேபோல் ஆபாசப் படத்தோடு ஒட்டி பேஸ்புக்கில் போட்டார்கள். பெற்றோர் போலீசுக்குப் போனார்கள். புகார் எழுதிக் கொடுத்தார்கள். நாட்கள் ஓடின. படம் எடுக்கப்படவில்லை. இன்னொரு படமும் வந்தது. அதைத் தாங்க முடியாமல் அந்தப் பெண் தன் உயிரை முடித்துக்கொண்டார். புகார் கொடுக்கப் போன குடும்பத்திடம் ஒரு போலீஸ்காரர் கைபேசியை லஞ்சமாக வாங்கினார் என்பதும் பின்னால் வெளியே வந்தது. மாவட்ட போலீஸ் சூப்பிரண்டெண்டே தாமதத்துக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பைக் கேட்க அந்தப் பெண் இல்லை!

இந்தச் சாவுக்கு யார் பொறுப்பு? படத்தை ஒட்டியவன் ஒருவன். அதை ரசித்து அடுத்தவருக்கு அனுப்பியவர்கள் பலர். புகாரை மேஜை மேல் தூங்க வைத்தவர்கள் சிலர். புகார் போயும் படத்தை எடுக்காமல் இருந்தது பெரிய கம்பெனி. இவ்வளவு பேர் சேர்ந்து எறிந்த கல் அது.

பொள்ளாச்சியை மறக்க முடியுமா? பெண்களைப் பழகி ஏமாற்றி, படம் பிடித்து, அந்தப் படத்தை வைத்தே மிரட்டினார்கள். 2019-ல் ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்தார். அவர் பெயரையே மாவட்ட போலீஸ் அதிகாரி வெளியிட்டுவிட்டார். அதற்காக 25 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படி சர்க்காருக்கு ஐகோர்ட்டின் மதுரைக் கிளை உத்தரவிட நேர்ந்தது. ஆனாலும் பெண்கள் பின்வாங்கவில்லை. மாதர் அமைப்புகளும் மாணவர்களும் வீதிக்கு வந்தார்கள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் கோர்ட் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது.

சேலத்தில் ஒரு பெண் தனியே நின்றார். பொள்ளாச்சியில் பெண்கள் பின்னால் ஜனங்கள் நின்றார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். சங்கம் கட்டிய நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

லாபம் யாருக்கு?

எந்த விஷயத்தையும் பார்க்கும்போது, லாபம் யாருக்கு என்று கேட்பது நம் வழக்கம். இங்கேயும் கேட்போம்.

பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றுக்கும் முதலாளி ஒரே கம்பெனி. மெட்டா என்று பெயர். 2024-ம் ஆண்டில் அதன் வருமானம் சுமார் 16,450 கோடி டாலர். ரூபாய் அல்ல, டாலர்! இதில் மிகப் பெரும் பகுதி விளம்பரப் பணம். நாம் அதற்குச் சந்தா கட்டுவதில்லை. பின் பணம் எங்கிருந்து வருகிறது? நம் கண் அந்தத் திரையில் எத்தனை நேரம் நிற்கிறதோ, அத்தனை நேரத்தையும் விளம்பரக்காரருக்கு விற்கிறார்கள். சந்தையில் மரவள்ளியை எடை போட்டு விற்பதுபோல் நம் பார்வையை எடை போட்டு விற்கிறார்கள். சண்டை என்றால் கூட்டம் கூடும். அவதூறு என்றால் இன்னும் கூடும். கூட்டம் கூடினால் கடைக்காரனுக்குக் கொண்டாட்டம்.

இது நம் கற்பனையல்ல. அந்தக் கம்பெனியில் வேலை செய்த பிரான்சிஸ் ஹாகன் என்ற பெண் 2021-ல் உள்ளே இருந்த தஸ்தாவேஜுகளை வெளியே கொண்டுவந்தார். இளம் பெண்களில் ஒரு பகுதியினருக்கு இன்ஸ்டாகிராம் மனக்கேட்டை உண்டாக்குகிறது என்று கம்பெனியின் சொந்த ஆராய்ச்சியே சொல்லியிருந்தது. அமெரிக்க செனட் சபை முன் நின்று, பிள்ளைகளின் நலனைவிட லாபத்தையே பெரிதாக வைக்கிறார்கள் என்று அவர் சாட்சி சொன்னார்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். திரையில் வரும் கொடூரப் படங்களைப் பார்த்துப் பார்த்து நீக்குவதும் ஒரு வேலை. கென்யா நாட்டு நைரோபியில் வாலிபர்கள் குறைந்த கூலிக்கு அந்த வேலையைச் செய்தார்கள். கொலையையும் பலாத்காரத்தையும் நாள் முழுக்கப் பார்த்து மனம் உடைந்தார்கள். 2023 மே தினத்தன்று, நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் அங்கே கூடிச் சங்கம் அமைக்கத் தீர்மானித்தார்கள். அந்தக் கம்பெனிகள் கொட்டும் குப்பையை அள்ளுவதும் ஒரு தொழிலாளியின் கைதான், தோழர்களே.

கைபேசியே வேண்டாமா?

'அப்படியானால் போனைப் பிடுங்கி எறிந்துவிடுவோம்' என்று சிலர் சொல்வீர்கள். யோசிக்க வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவினால் பள்ளிகள் மூடின. போனில்தான் பாடம் என்றார்கள். வட்டிக்கு வாங்கியும் தாலியை அடகு வைத்தும் போன் வாங்கிக் கொடுத்த வீடுகள் நம்மிடையே உண்டு. இன்றைக்கு ஸ்காலர்ஷிப் மனு போனில். கல்லூரி மனு போனில். குடகிலும் கேரளத்திலும் இருக்கும் தகப்பன் குரல் கேட்பதும் போனில். போனைப் பிடுங்கினால் முதலில் நஷ்டப்படுவது பெண் பிள்ளைதான். 'சொன்னால் போனைப் பிடுங்குவார்கள், படிப்பை நிறுத்துவார்கள்' என்ற பயத்தினாலேயே பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை. மிரட்டுகிறவனுக்கு அந்த மௌனமே மூலதனம்.

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் இத்தகைய தளங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் செய்து, 2025 டிசம்பர் 10 முதல் அமல் செய்தார்கள். பொறுப்பைக் கம்பெனி மீது சுமத்தினார்கள். அந்த அளவில் நல்லது. ஆனால் ஒட்டு வேலை செய்யும் வாலிபனுக்கு 17 வயதோ 27 வயதோ ஆகியிருந்தால்? தடையொன்றே பிள்ளையைக் காப்பாற்றிவிடாது. பிள்ளை நம்மிடம் வந்து சொல்லும் தைரியம்தான் முதல் காப்பு.

சாதி விஷமும் அதே குழாயில்

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. பெண் பிள்ளையை மட்டுமா அடிக்கிறார்கள்? சாதி பார்த்தும் அடிக்கிறார்கள். பள்ளிப் பையன்கள் சாதிப் பெயரில் வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். அரிவாள் படம், வீரப் பாட்டு, அடுத்த சாதிப் பையனுக்குக் கேலி! மலையாளி மக்களின் பிள்ளைகள் கீழ்நாட்டுப் பள்ளிக்கு வந்தால் அவர்கள் பேச்சைக் கிண்டல் செய்து வீடியோ போடுகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது? கூடப் படித்த பையன்களே ஒரு தலித் மாணவனின் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன் பிறகுதான் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் அறிக்கை வந்தது. நாக்கில் தொடங்குவது அரிவாளில் முடிகிறது. கேலியைச் சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள்.

கனியாமூர் தந்த பாடம்

நம் மாவட்டமே கண்ட பாடம் ஒன்று இருக்கிறது. 2022 ஜூலையில் சின்னசேலம் அருகே கனியாமூரில் ஒரு பள்ளி மாணவி இறந்தார். நீதி கேட்டு ஜனங்கள் கொதித்தது நியாயமே. ஆனால் அடுத்த நான்கைந்து நாட்களில் போனில் என்னென்ன ஓடின! உண்மை எது, புளுகு எது என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகக் கூட்டம் திரட்டப்பட்டது. ஜூலை 17 அன்று பள்ளி சூறையாடப்பட்டது, பஸ்கள் எரிந்தன, ஏழைப் பிள்ளைகளின் சர்டிபிகேட்டுகளும் சேர்ந்து எரிந்தன. முந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பலர் வாலிபர்கள், வேலைக்குப் போகும் வயதில் வழக்குச் சுமந்தவர்கள். யூடியூபில் ஆளாளுக்குத் தனி விசாரணை நடத்துவதை ஐகோர்ட் கண்டிக்க வேண்டியிருந்தது. இறந்த பிள்ளைக்கு அந்தத் தீயினால் நீதி கிடைத்ததா? இல்லை.

ஆகவே கோபத்தையும் வாட்ஸ்அப்பிடம் ஒப்படைக்கக் கூடாது. அவதூறைப் பரப்பிய அதே விரல்தான் வதந்தியையும் பரப்புகிறது.

நாங்கள் திரும்பப் போனோம்

அந்த மலைப் பெண்ணின் கதைக்கு வருவோம். நாற்று நடும் அந்தச் சகோதரியையும் அழைத்துக்கொண்டு மீண்டும் மலையேறினோம். பிள்ளையிடம் நாங்கள் முதலில் சொன்ன வார்த்தை: "உன் மேல் தப்பில்லை, கண்ணு. எங்கள் மேல்தான் தப்பு." அதுவரை அழாமல் இருந்தவள் அப்போதுதான் அழுதாள்.

அவளுடைய தோழி ஒருத்தி விவரத்தைக் குறித்து வைத்திருந்தாள்: எந்தக் குழு, எந்த எண், எந்தத் தேதி, எத்தனை மணி. அந்தச் சீட்டோடு ஒரு போலீஸ் நிலையத்துக்குப் போனோம். 'எங்கள் எல்லையில்லை' என்றார்கள். எல்லை எதுவானாலும் புகாரைப் பதிய வேண்டும் என்ற சட்டத்தைச் சொல்லி, பதியும்வரை உட்கார்ந்திருந்தோம். பதிந்தார்கள்.

ஒட்டு வேலை செய்தவன் யாரென்று தெரிந்தபோது எங்களுக்குத் தலை குனிந்துவிட்டது. எங்கள் தெருப் பையன், எங்களோடு ஆலையில் வேலை செய்கிறவரின் மகன், 17 வயது. 'விளையாட்டுக்குச் செய்தேன்' என்றான். அவன் தகப்பனார் அவனை அடிக்கப் பாய்ந்தார்; தடுத்தோம். ஊர் கூடி உதைப்பதும் நீதியல்ல, கட்சிக்காரர் சேர்ந்து மூடி மறைப்பதும் நீதியல்ல. 18 வயது நிரம்பாதவன் என்பதால் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் போக வேண்டும், போனான். 'நம் ஆள் பையன்' என்று சமரசம் பேச வந்தவர்களும் உண்டு. எதிரி முதலாளியாக இருந்தால் மட்டும் நியாயம் பேசுவதா? நம் வீட்டுப் பையன் என்றால் வாய் மூடுவதா?

என்ன செய்ய வேண்டும்?

கவனமாகக் கேளுங்கள், வீட்டில் போய்ச் சொல்லுங்கள்.

முதலாவது: பிள்ளை வந்து சொன்னால் திட்டாதீர்கள். 'ஏன் போட்டோ எடுத்தாய்?' என்று கேட்காதீர்கள். 'நான் இருக்கிறேன்' என்று சொல்லுங்கள். மனம் உடைந்து, உயிரை வெறுத்துப் பேசினால் தனியே விடாதீர்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் போன் செய்து மன ஆலோசனை கேட்கலாம், காசு இல்லை.

இரண்டாவது: அவசரப்பட்டு அழிக்காதீர்கள். அனுப்பியவன் எண், கணக்கின் பெயர், தேதி, நேரம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் படத்தை எவருக்கும் அனுப்பாதீர்கள், உதவி கேட்பதற்காகக்கூட! போனை அப்படியே கொண்டுபோய்ப் போலீசிடம் காட்டுங்கள்.

மூன்றாவது: எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். மாவட்டத்தில் சைபர் கிரைம் போலீசும் உண்டு. 1930 என்ற எண்ணும் உண்டு. சைபர் குற்றத்துக்கென மத்திய சர்க்கார் வைத்திருக்கும் இணையதளத்திலும் பதியலாம். பிள்ளைக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால் 1098-க்குப் பேசுங்கள். பாலியல் குற்றமானால் 2012-ம் ஆண்டுப் போக்சோ சட்டம் பாயும். அந்தச் சட்டப்படி, பிள்ளையின் வீட்டுக்கே வந்து, சீருடை இல்லாமல், வாக்குமூலம் எழுத வேண்டும். பிள்ளையை இரவில் நிலையத்தில் வைக்கக் கூடாது. அவள் பெயரை வெளியிடக் கூடாது. இது சலுகையல்ல, உரிமை.

நான்காவது: படம் போட்ட தளத்துக்கே புகார் அனுப்புங்கள். 2021-ல் வந்த விதிகள், ஆபாசப் படத்தையும் ஒட்டு வேலைப் படத்தையும் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று எல்லை வைத்தன. ஆனால் நடப்பு என்ன? 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரே தன் படங்களை நீக்கச் சென்னை ஐகோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. 48 மணி நேரத்தில் நீக்கச் சொல்லிக் கோர்ட் உத்தரவிட்டது. சட்டம் படித்தவருக்கே இந்தப் பாடு என்றால், மரவள்ளிக் காட்டில் வேலை செய்யும் குடும்பத்துக்கு யார் துணை? நாம்தான் துணை.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: 'நான் போடவில்லை, வந்ததை அனுப்பினேன்' என்று சொல்லித் தப்ப முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவு, வெளியிடுவதோடு அனுப்புவதையும் குற்றமாகவே வைத்திருக்கிறது. படத்தில் இருப்பது சிறுபிள்ளையானால் 67பி பிரிவு. முதல் தடவைக்கே ஐந்து வருஷம் வரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டம் கிடக்கட்டும், மனசாட்சி என்ன சொல்கிறது?

சர்க்காரிடமும் கேட்போம். மலைக்கு மேலேயே இந்தப் புகார்களை வாங்கும் பெண் போலீஸ் வேண்டும். விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகள் மனம் விட்டுப் பேச ஆலோசகர் வேண்டும். பாடம் பெண்களுக்கு மட்டும் போதாது. பையன்களுக்குத்தான் முதலில் வேண்டும். கம்பெனிகள் தமிழில் வரும் புகாருக்குத் தமிழில் பதில் சொல்லும் கடமை வேண்டும்.

கல்லைக் கீழே போடுங்கள்

அந்தப் பெண் பள்ளிக்குத் திரும்பிப் போனாள். முதல் நாள் வகுப்பு வாசல் வரை அந்தச் சகோதரியும் நாங்களும் கூடப் போனோம். இரண்டு பையன்கள் சிரித்தார்கள். ஆசிரியை ஒருவர் அவர்களை வெளியே அழைத்துப் பேசினார். பிள்ளை பரீட்சை எழுதினாள். மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு நின்றது. அந்தப் படம் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். எந்தப் போனில் எங்கே கிடக்கிறதோ! ஆனால் அதைப் பார்த்துத் தலை குனிய வேண்டியவள் அவளல்ல என்பது இன்று அவளுக்கும் தெரியும், அவள் தகப்பனாருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில், கூலியில்லாத வெட்டி வேலை செய்த மலை இது. அந்த மலையின் பிள்ளை பிளஸ் டூ வரை படிக்க வந்ததே எத்தனை தலைமுறையின் வியர்வை! ஒரு விரல் தட்டலில் அதைச் சாய்த்துவிட விடலாமா?

தோழர்களே, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் போனிலும் ஏதாவது ஒரு படம் வரலாம். எவர் பெற்ற பிள்ளையோ அதில் இருக்கும். அனுப்பியவர் உங்கள் நண்பராகவே இருக்கலாம். அந்த நேரத்தில் உங்கள் கட்டைவிரலைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அது கரும்பு வெட்டிய விரல், எந்திரம் ஓட்டிய விரல், நாற்று நட்ட விரல். கல்லெறிய வேண்டிய விரல் அல்ல. நண்பருக்கு ஒரு வரி எழுதுங்கள்: 'இதை எனக்கு அனுப்பாதே, இந்தப் பிள்ளை நம் பிள்ளை.'

இவ்வளவுதான் நாங்கள் கேட்பது.